குளிர்நாட்டுக் காய்கறியும் எமது கூழ்ச்சட்டியும்

சனிக்கிழமைகளில் ஜேர்மனியில் வாழும் எம்மவரிற் பலர் செய்யும் காரியம் ஒன்றே. காலையில் நகரத்துச் சந்தையைக் கடந்து, அங்கே குவிந்து கிடக்கும் லீக்ஸையும் கரட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே தமிழ்க்கடைக்குச் செல்கின்றோம். விமானத்தில் வந்திறங்கி இரண்டு மூன்று நாட்களாக வாடிக் கிடக்கும் வெண்டிக்காயையும் பாகற்காயையும் முருங்கைக்காயையும் நிறுத்து வாங்குகின்றோம். அந்த முருங்கைக்காய்க்குக் கொடுக்கும் பணத்திற்குச் சந்தையில் ஒரு பை நிறையக் காய்கறி வாங்கலாம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அறிந்தும் வாங்குகின்றோம். அதைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. முருங்கைக்காயின் வாசனைக்கு விலை பேச முடியாது. ஆனால், வாரத்தில் ஆறு நாளும் அதே வாசனையைத் தேடுவதனால் வீட்டுச் செலவும் ஏறுகின்றது, வாடிய காய்கறியும் வயிற்றுக்குள் போகின்றது. மறுபுறத்தில், வேலை முடிந்து களைத்து வரும் நாட்களில் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பையைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கொடுக்கின்றோம்.

ஐரோப்பியச் சூப்பு என்றால் எம்மவரிற் சிலருக்கு இன்றும் முகம் சுளிக்கும். அதற்குக் காரணம் உண்டு. எமது முதற் சூப்பை நாம் அகதி விடுதியில் குடித்தோம். 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டம், பணத்திற்குப் பதிலாகப் பொருளாகவே உதவி வழங்குவதை முதன்மைப்படுத்தியது. அதற்கு முன்னரும் பின்னரும் பல விடுதிகளில் சமைத்த உணவோ, கட்டிய பொதியோதான் கிடைத்தது. நாமிருந்த விடுதியில் மத்தியான வேளையில் ஒரு பெரிய அலுமினிய வாளி வரும். சாம்பல் நிறம், உப்பில்லை, புளியில்லை, உறைப்பில்லை. காற்சட்டைப் பையில் கடதாசியில் மடித்து வைத்திருந்த மிளகாய்த்தூளைத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினோம். அந்த வாளியை வைத்து இந்த நாட்டுச் சூப்பு முழுவதையும் தீர்ப்பிட்டு விட்டோம். அது தவறு என்பது விளங்குவதற்கு எமக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

சூப்பு எமக்குப் புதியதன்று. சொல் புதிதாக இருக்கலாம், சட்டி பழையது. காய்ச்சல் வந்தால் மல்லி, மிளகு, உள்ளி இடித்துப் போட்ட இரசம். காலையில் இலைக்கஞ்சி. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத்தூள் கூட்டிய பத்தியக்கறி. இடியப்பத்திற்குச் சொதி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூழ். இவற்றுக்கெல்லாம் ஒரே விதிதான் இருந்தது. அன்று வேலியில் என்ன துளிர்த்ததோ, வலையில் என்ன பட்டதோ, அதுதான் சட்டிக்குள் போனது. முசுட்டையும் முல்லையும் மொசுமொசுக்கையும் துளிர்க்கும் மாரியில் இலைக்கஞ்சிக்குப் பஞ்சமில்லை. அம்மாமார் எவரும் அதற்காகக் கடைக்குப் போனதில்லை.

காய்கறிகளும் முற்றிலும் அந்நியமானவையல்ல. லீக்ஸ், கரட், பீற்றூட், கோவா எல்லாம் மலையகத்தின் குளிர் நிலத்தில் விளைந்து லொறிகளில் யாழ்ப்பாணச் சந்தைகளுக்கு வந்தவையே. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கியவர்களில் ஒருவர். இங்கே சந்தையில் ‘கோல்றாபி’ என்று எழுதி வைத்திருப்பது எமது நோக்கோல்தான். பெயரைப் பார்த்துப் பயந்து அதைத் தாண்டிப் போன ஒரு சகோதரிக்கு நாம் தூக்கிக் காட்டியபோது அவர் சிரித்த சிரிப்பு மறக்க முடியாதது.

ஜேர்மன் சந்தைகளில் ‘சுப்பன்குறூன்’ என்றொரு கட்டு விற்பார்கள். சூப்புக் கட்டு என்று சொல்லலாம். ஒன்றிரண்டு கரட், ஒரு துண்டு செலறிக் கிழங்கு, ஒரு துண்டு லீக்ஸ், சில கிளை பார்ஸ்லி. எமது கடைகளில் இரண்டு சதத்திற்குக் கறிவேப்பிலையும் றம்பையும் சேர்த்துக் கொடுப்பார்களே, அது போன்றது. இந்தக் கட்டுத்தான் இந்த நாட்டுச் சமையலின் அடித்தளம். இதை வாங்கிச் சிறிதாக வெட்டி, ஒரு வெங்காயத்தைத் தோலுடன் இரண்டாகப் பிளந்து வெட்டுமுகத்தை வெறுஞ்சட்டியிற் கருக விட்டு, அதன்மேல் கட்டை முழுவதும் போட்டு, குளிர்ந்த நீர் இரண்டு லீற்றர் ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் என்பது முக்கியம். மெல்லச் சூடேறும்போதுதான் சாரம் இறங்கும். கோழி எலும்போ ஆட்டெலும்போ இருந்தால் அதுவும் சேரலாம். கொதிக்கவிடாமல் மெல்லிய தீயில், காய்கறி மட்டுமாயின் முக்கால் மணித்தியாலம், எலும்பாயின் இரண்டு மணித்தியாலம் வரை வைத்து வடிக்கவும். கருகிய வெங்காயத் தோல் அதற்குப் பொன்னிறம் கொடுக்கும். எட்டு மிளகும் ஒரு பல் உள்ளியும் போட்டால் எமது நாக்கு உடனே சமாதானமாகிவிடும். இந்தத் தண்ணீர் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும். உறைபெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும். வேலையால் வரும் இரவில் கடதாசிப் பையைத் தேட வேண்டியதில்லை.

அந்தக் கடதாசிப் பையின் கதையும் சொல்ல வேண்டியதே. 1886இல் யூலியுஸ் மகி என்ற சுவிஸ் ஆலை உரிமையாளர் பயறு, கடலை வகைகளின் மாவில் செய்த ஆயத்தச் சூப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்று உழைத்துவிட்டு, அடுப்பு மூட்ட நேரமின்றி வீடு திரும்பிய பெண்களின் குடும்பங்களை எண்ணியே அது செய்யப்பட்டது. அந்த வகையில் அது எம்மைப் போன்றவர்களுக்காகவே பிறந்தது எனலாம். சூப்புக் கட்டி 1908இல் வந்தது. எமது முறைப்பாடு அதன் உப்பைப் பற்றியதே. இத்தகைய கட்டிகளில் ஏறத்தாழப் பாதி நிறை உப்பே. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒரு கட்டியில் செய்த அரை லீற்றர் சூப்பை ஒருவரே குடித்தால் அந்த அளவு அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். அதன் பின்னர் இரவுச் சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் வரும். இரத்த அழுத்தத்திற்குக் குளிசை போடாத வீடு எம்மிடையே எத்தனை என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மாரிகாலத்தில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போதும். லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் இருக்கும். நீளவாக்கிற் பிளந்து கழுவாவிட்டால் பல்லில் நறநறக்கும். சிறிது வெண்ணெயில் லீக்ஸை நிறம் மாறாமல் வதக்கி, உருளைக்கிழங்கும் மேற்சொன்ன தண்ணீரும் சேர்த்து, அவிந்ததும் மத்தால் மசித்து, மிளகு இடித்துப் போட்டால் சரி. தாளிக்க வேண்டுமென்று கை துடிப்பவர்கள் கடுகும் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் தாளிக்கலாம். நாம் துடிப்பவர்கள்.

இவற்றை விட மலிவானது ‘ஸ்ரெக்றூபெ’ என்ற மஞ்சட் கிழங்கு. தேங்காயளவில், ஊதாத் தோலுடன், பனி பெய்யும் மாதங்களில் சந்தையில் கிடக்கும். இதைப் பருப்புடன் அவித்து, மஞ்சளும் பழப்புளியும் சிறிது கூட்டி, உள்ளி தாளித்துச் சூப்பாக்கினால் மிக நன்றாயிருக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் அப்படிச் செய்து, மேல்மாடியில் தனியே வாழ்ந்த எண்பத்தைந்து வயது கடந்த ஜேர்மன் மூதாட்டிக்கு ஒரு கோப்பையிற் கொண்டுபோய்க் கொடுத்தோம். எமது பருப்பையும் வடையையும் விரும்பி உண்பவர் அவர். மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பின்னர் மிகவும் மன்னிப்புக் கேட்டபடி அப்படியே திருப்பித் தந்தார். உறைப்பு அதிகமோ என்று கேட்டோம். இல்லை, கிழங்குதான் என்றார். சிறுமியாக ஒரு மாரி முழுவதும் அதைத் தவிர வேறொன்றையும் தாம் காணவில்லை என்றார்.

பின்னர்தான் நாம் விசாரித்து அறிந்தோம். 1916இன் இலையுதிர் காலத்தில் மழையினாலும் நோயினாலும் ஜேர்மனியின் உருளைக்கிழங்கு விளைச்சல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கடலிற் பிரித்தானியரின் முற்றுகை. ஆண்கள் போர்முனையில். மக்களுக்குக் கிடைத்தது, அதுவரை பெரும்பாலும் மாட்டுக்குப் போட்ட இந்தக் கிழங்குதான். அதில் சூப்பு, அதில் பாண், அதில் ஜாம், அதை வறுத்துக் கோப்பியும் வைத்தார்கள். 1916/17 மாரியை இன்றும் இங்குள்ளவர்கள் அந்தக் கிழங்கின் பெயராலேயே குறிப்பிடுகின்றார்கள். 1945இன் பின்னரும் சில ஆண்டுகள் பட்டினியில் அதே கிழங்குதான் திரும்பி வந்தது.

மூதாட்டி கோப்பையைத் திருப்பித் தந்தபோது எமக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கை மேசையில் வைத்தால் எழுந்து போய்விடும் எமது மாமா. 1970களின் முற்பகுதியில் அரிசியும் மாவும் தட்டுப்பட்ட காலத்தில் மரவள்ளியிலேயே வளர்ந்தவர் அவர். 1990இன் பின்னர் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது எமது உறவுகள் பலருக்குப் பனைதான் கைகொடுத்தது. ஒடியற் பிட்டு இங்கே எமக்கு ஏக்க உணவு. அங்கே அதைத் தின்றே நாட்களைக் கடத்திய சிலருக்கு அதன் பெயரே வேண்டாம். ஆகவே, விருந்துக்கு அழைக்கும்போது கூழ் என்றால் எல்லோரும் மகிழ்வார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சொல் கேட்டுவிடுவது நல்லது.

பங்குனி, சித்திரையில் இலைகள் துளிர்க்கும்போது எம்மவரின் கண்கள் வேலியைத் தேடும். காஞ்சோன்றியைப் போலச் சுணையுள்ள, இங்குள்ள ‘பிறென்நெஸல்’ செடியின் இளங்கொழுந்தைக் கையுறை போட்டுக் கிள்ளி வெந்நீரில் அமிழ்த்தினால் சுணை அடங்கிவிடும். அரிசிக் கஞ்சியுடன் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினால் இலைக்கஞ்சிக்கு மிக அண்மையில் நிற்கும். பூக்கும் முன்னர் கிள்ள வேண்டும். இது இலவசம். நாய்கள் உலாவும் பாதையோரத்தை மட்டும் தவிர்த்துக் கொள்க.

இதே நாட்களில் மரச்சோலைகளின் அடியில் ‘பேர்லவ்க்’ என்ற உள்ளி மணமுள்ள இலை விரிப்பாகப் படரும். உருளைக்கிழங்குச் சூப்பில் இறக்கும் தறுவாயில் அரிந்து போட்டால் அருமையானது. ஆனால், இங்கே வாசகர்கள் சற்று நின்று படிக்க வேண்டும். இதே இடங்களில், இதே காலத்தில், இதே தோற்றத்தில் இரண்டு நச்சுச் செடிகள் முளைக்கின்றன. ஒன்று வெள்ளை மணிப்பூப் பூக்கும் ‘மைகுளொக்ஷன்’. மற்றது ‘ஹேர்ப்ஸ்ற்சைற்லோஸ’. இரண்டாவது உயிரையே பறிக்க வல்லது. உண்ணத் தக்க இலை ஒவ்வொன்றும் தனித்தனிக் காம்பில் நிலத்திலிருந்து எழும், அடிப்புறம் மினுங்காது. மணிப்பூச் செடியில் ஒரு தண்டிலிருந்து இரண்டு இலைகள் பிரியும், அடிப்புறம் மினுங்கும். மற்றதில் காம்பே இல்லாத இலைகள் கொத்தாக எழும். மணத்தை நம்பலாம் என்பார்கள். முதல் இலையைக் கசக்கிய கையில் உள்ளி மணம் ஒட்டிவிட்டால் அடுத்த இலை எதுவாயினும் அதே மணந்தான் தரும். ஐயமிருந்தால் சந்தையில் ஒரு கட்டு வாங்குவதே மேல்.

காளான் இதைவிடப் பொல்லாதது. 2015இன் இலையுதிர் காலத்தில் ஜேர்மனிக்குப் புதிதாக வந்திருந்த அகதிகள் பலர் காட்டுக் காளானை உண்டு மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். அவர்கள் அறியாமையால் உண்ணவில்லை. அவர்களது நாட்டில் உண்ணும் ஒரு காளானைப் போலவே இங்குள்ள நச்சுக்காளான் இருந்தது. ஊரில் கற்ற அறிவு இந்த மண்ணில் எம்மைக் கைவிடக்கூடும்.

கசப்பும் அவ்வாறே. எம்மவர் சிறுதோட்டம் வாடகைக்கு எடுத்துப் பூசணியும் சுக்கினியும் நடுகின்றார்கள். நல்ல காரியம். ஆனால், காயிலிருந்து விதையெடுத்து மறு ஆண்டு நடும் ஊர்ப்பழக்கம் இங்கே ஆபத்தானது. அருகில் அலங்காரப் பூசணி இருந்தால் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறைக் காயில் கசப்பு நஞ்சு திரும்பிவிடும். அவித்தாலும் அது அழியாது. 2015இல் தென் ஜேர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியை உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கசப்பாயிருந்தும் உண்டார். பாகற்காயைத் தின்று பழகிய எமது நாக்கு ‘கசப்பென்றால் உடம்புக்கு நல்லது’ என்று சொல்லும். பூசணியிலும் சுக்கினியிலும் வெள்ளரியிலும் அந்தச் சொல்லைக் கேளாதீர்கள். பச்சையாக ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறியுங்கள். விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்குங்கள்.

சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆனி 24 வரை வெள்ளை ‘ஸ்பார்கல்’ காலம். நாம் இங்கே குறிப்பது ஆங்கில மாதக் கணக்கையே. விலை அதிகம் என்று அஞ்ச வேண்டாம். சீவிய தோலையும் வெட்டிய அடித்துண்டையும் எறியாமல் கால் மணித்தியாலம் அவித்து வடித்தால் அதுவே சூப்பு நீர். அதில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், தேங்காய்ப்பால் கூட்டி, இறக்கிய பின் எலுமிச்சம்புளி விட்டால் இடியப்பத்திற்கு ஒரு சொதி. எமது வீட்டுப் பிள்ளைகள் அதற்காகவே வசந்தத்தைப் பார்த்திருப்பார்கள். கோடையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆவணியில் தக்காளி மலிவு, இரசம் வைக்கலாம். ‘ஹொக்கைடோ’ என்ற செம்மஞ்சட் பூசணி புரட்டாதியில் வரும். அதைத் தோலுடனேயே வெட்டலாம். இஞ்சி, வறுத்த நற்சீரகம், தேங்காய்ப்பால் சேர்த்தால் போதும்.

இனிக் கூழ். எட்டுப் பேருக்குக் கால் கிலோ ஒடியல் மா. அதை நிறையத் தண்ணீரிற் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டு மீண்டும் புது நீர் விட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்து கசப்பை முற்றாக நீக்குவது கட்டாயம். அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். மீன்கடையில் கொட் அல்லது சல்மன் மீனின் தலைகளைக் கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். செவுளை அகற்றிக் கழுவவும். நண்டும் இறாலும் உறைந்தவையே கிடைக்கும், பாதகமில்லை. பெரிய சட்டியில் நான்கு லீற்றர் நீர் வைத்து ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, உறைந்த மரவள்ளி, பயிற்றங்காய்க்குப் பதிலாகப் போஞ்சி ஆகியவற்றை அவியவிட்டு, பின்னர் மீன்தலையும் நண்டும், அதன் பின்னர் இறாலும் போடவும். மரவள்ளியுடன் இஞ்சி சேர்க்கக் கூடாது என்பது எமது அம்மாமாரின் கட்டளை. காரணம் கேட்டு நாம் மீறியதில்லை. பதினைந்து செத்தல் மிளகாயை மஞ்சளுடன் அரைத்து, தேசிக்காயளவு பழப்புளியுடன் ஊறிய மாவிற் கரைத்து, கட்டிபடாமல் துழாவியபடி ஊற்றவும். முருங்கையிலைக்குப் பதிலாகப் பசளிக்கீரை. பனி விழுந்த பின்னர் வரும் ‘குறூன்கோல்’ என்ற சுருட்டை இலையை மெல்லியதாக அரிந்து போட்டுப் பார்த்தோம். அது இன்னும் பொருத்தமாயிருந்தது. செலறிக் கிழங்கையும் ஒருமுறை போட்டோம். பெரியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை.

பிளா கோலுவதற்குப் பனையோலை இல்லை. பலாவிலையும் இல்லை. தேநீர்க் கோப்பையில் வார்த்துக் கொடுத்தால் இங்கு பிறந்த பிள்ளைகள் கோப்பையைக் கையில் ஏந்திக் குடிக்கின்றார்கள், கரண்டியைத் தேடுவதில்லை. மூன்று வயதுக்காரருக்கு மா ஊற்றுவதற்கு முன்னர், உறைப்பில்லாமல் ஒரு கோப்பை புறம்பாக எடுத்து வைக்கவும். மீன்முள்ளைப் பார்த்து எடுக்கவும். மீந்த கூழைச் சட்டியோடு இரவு முழுவதும் அடுப்பில் விடாமல், சிறு பாத்திரங்களிற் பகிர்ந்து ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். மறுநாட் கூழ் தடித்திருக்கும். சிறிது வெந்நீர் விட்டுச் சூடாக்கினாற் போதும்.